எட்டி நிற்கும் கேமரா

வடஜெர்மனியின் லூனெபுர்க் புதர்வெளியில், ஷ்னேவெர்டிங்கன் என்ற சிற்றூரை ஒட்டி பீட்ஸ்மோர் சதுப்பு நிலம் கிடக்கிறது. அடுப்பெரிக்கத் தலைமுறை தலைமுறையாக இதன் கரிமண்ணை வெட்டியெடுத்தார்கள். நிலம் வறண்டது. 1909-இல் தொடங்கப்பட்ட இயற்கைப் பூங்காச் சங்கம், 1970-களில் வடிகால்களை அடைத்து இங்கே மறுபடியும் நீரைத் தேக்க ஆரம்பித்தது. இன்று சதுப்பின் குறுக்கே பலகைப் பாதை ஓடுகிறது. ஏப்ரல் மாதத்து வெயில் நாளில் அந்தப் பாதையில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடக்கிறார்கள். அவர்கள் காலடியிலிருந்து சில அடி தள்ளி, காய்ந்த புல் மெத்தையில் விரியன் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பெரும்பாலோர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள்.

பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட சிலரும் அங்கே உண்டு. முக்காலியும் நீண்ட லென்ஸுமாக வரும் ஒளிப்பதிவாளர்கள் ஒரு வகை. குறிப்பேடும் சிறு கேமராவுமாக வரும் பாம்புக் கணக்கெடுப்பாளர்கள் இன்னொரு வகை. இவர்களின் வேலையை அருகிருந்து பார்க்கத்தான் நான் அந்தப் பலகைப் பாதையில் நடந்தேன்.

அவர்கள் தேடும் விரியனை ஜெர்மானியர்கள் க்ராய்ட்ஸ்ஓட்டர் என்கிறார்கள். நம் ஊர்க் கண்ணாடி விரியனின் குடும்பம்தான், ஆனால் உருவத்தில் சிறியது. வளர்ந்த பாம்பு பெரும்பாலும் இரண்டு அடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. முதுகு நெடுக வளைந்து வளைந்து போகும் கருங்கோடு. செந்நிறக் கண்ணில் செங்குத்தான பாப்பா. சதுப்பு நிலங்களில் முழுக்கக் கறுத்த விரியன்களும் உண்டு. கறுப்பு உடல் வெயிலைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும் என்பதால் குளிர் நாட்டில் அந்த நிறம் உதவுகிறது.

இந்தத் தொழிலின் நாள்காட்டியைப் பாம்புதான் எழுதுகிறது. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் விரியன் மண்ணுக்கடியில் குளிர்கால உறக்கத்தில் கழிக்கிறது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஆண்கள் முதலில் வெளியே வருகின்றன. பெண்கள் சில வாரம் கழித்து வருகின்றன. ஏப்ரலில் ஆண்கள் சட்டை உரித்ததும் வெள்ளிச் சாம்பல் உடலில் கருங்கோடு பளிச்சென்று துலங்கும். ஒளிப்பதிவாளர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்காகத்தான்.

வாரம் கூடி வந்தாலும் வேளை கூடி வரவேண்டும். கடுங்குளிர் என்றால் பாம்பு வெளியே வராது. வெயில் ஏறிவிட்டாலோ உடல் சூடேறிப் புதருக்குள் நழுவிவிடும். இரவு குளிர்ந்து, காலையில் காற்றில்லாமல் வெயில் விழுந்தால் நல்ல நாள். மழை விட்டு மேகம் கலையும் நேரம் இன்னும் நல்லது. பாம்பு உடலைத் தட்டையாக்கி வெயிலுக்குச் சாய்த்து, பரப்பைக் கூட்டிக்கொண்டு கிடக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் காலை எழுந்ததும் முதலில் பார்ப்பது வானிலை அறிக்கையைத்தான்.

பாம்பைக் கண்டபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கைத்திறன் தெரிகிறது. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, தம் நிழல் பாம்பின்மேல் விழாத இடத்தில் நிற்கிறார்கள். பேச்சுச் சத்தத்தைவிடத் தரை வழியே வரும் அதிர்வுதான் பாம்பை முதலில் எட்டும். அதனால் காலை முழுதாக ஊன்றாமல், எடையை மெல்ல மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பலகைப் பாதையில் குப்புறப் படுத்து, மணல் நிரப்பிய பையில் லென்ஸைச் சாய்த்து, பாம்பின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்குகிறார்கள். மேலிருந்து எடுத்தால் பாம்பு தரையில் கிடக்கும் கயிறுதான். கண் மட்டத்தில் எடுத்தால் அது ஒரு முகம்.

அங்கே பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அவர்களின் தரக்கணக்கு. பாம்பு உடலை மடித்துச் சீறினால் நாம் அதை அரிய காட்சி என்போம். இவர்களுக்கு அது வீணான காட்சி. பாம்பு சீறினால், கேமரா அதன் எல்லைக்குள் போய்விட்டது என்று பொருள். நாக்கை நிதானமாக நீட்டி மணம் பிடித்து, பிறகு தலையைச் சுருளின்மேல் வைத்துக்கொண்டு வெயிலைத் தொடர்ந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது.

இந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பெரும் பரிசு ஆண் விரியன்களின் மல்லுக்கட்டு. பெண் அருகில் இருக்க, இரண்டு ஆண்கள் முன்னுடலைத் தூக்கி, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, எதிரியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். கடிக்காது. விஷம் இதில் நுழைவதே இல்லை. தோற்றது விலகிப் போய்விடும். ஆட்கள் நெருங்கினால் இந்தக் காட்சி பாதியில் கலைந்துபோகும். தூரத்து லென்ஸ் இல்லாமல் இதை முழுதாகப் பார்க்க வழியில்லை.

சட்டமும் தூரத்தைத்தான் கேட்கிறது. ஜெர்மனியில் இயற்கையாக வாழும் பாம்பு வகைகள் ஏழு. இரண்டு விரியன், ஐந்து விஷமற்றவை. கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி இவற்றைப் பிடிப்பதும் காயப்படுத்துவதும் குற்றம். கடும் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவற்றைத் தொந்தரவு செய்வதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2020-இல் வெளியான சிவப்புப் பட்டியல் க்ராய்ட்ஸ்ஓட்டரைக் கடுமையாக அபாயத்தில் உள்ள இனமாக வைத்தது. நாட்டின் தெற்கே கருங்காட்டில் மட்டும் எஞ்சியுள்ள ஆஸ்பிஸ் விரியன் அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஜெர்மன் ஊர்வன ஆய்வுச் சங்கம் 2024-இன் ஊர்வனமாக க்ராய்ட்ஸ்ஓட்டரைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கவலையால்தான்.

கணக்கெடுப்பாளர்களுக்கும் கேமரா இன்று முக்கியக் கருவி. விரியனின் தலைமேல் உள்ள செதில்களின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். தலையைத் தெளிவாக ஒரு படம் எடுத்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே பாம்பு வந்ததா என்று சொல்லிவிடலாம். கையால் தொடத் தேவையில்லை. வெயிலில் சூடாகும் தார்த்தாள் தகடுகளைப் புதரோரம் போட்டுவைத்து, அடியில் ஒதுங்கும் பாம்புகளை எண்ணுவதும் உண்டு. தனித்தனிப் பாம்பாக அடையாளம் காண்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஸ்வீடனில் நல்ல சான்று இருக்கிறது. அந்நாட்டின் தென்கோடியில் தனித்துப்போன ஒரு விரியன் கூட்டம் உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி மெலிந்தது. 1992-இல் வேறு இடத்து ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் கூட்டம் மீண்டும் தழைத்தது. அந்த ஆய்வு 1999-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது.

தெற்கே வீஸ்பாடன் நகருக்கு அருகிலுள்ள ஷ்லாங்கன்பாடில் வேலை வேறு மாதிரி. ஊர்ப் பெயரிலேயே பாம்பு இருக்கும் இந்த வெந்நீரூற்று ஊரில் எஸ்குலாப்நாட்டர் வாழ்கிறது. நம் சாரையைப் போல நீண்டு, மரமேறும், விஷமற்ற பாம்பு. ஜெர்மனியின் மிக நீளமான பாம்பும் இதுவே. ரோமானியர்கள் கொண்டுவந்து விட்டார்கள் என்று முன்பு கதை சொன்னார்கள். பனியுகத்துக்குப் பிந்தைய வெப்ப காலத்தில் இங்கே பரவி, பிறகு குளிர்ந்தபோது சில பள்ளத்தாக்குகளில் மட்டும் தங்கிவிட்டது என்பதே ஆய்வாளர்கள் இன்று ஏற்கும் விளக்கம். கற்சுவர் இடுக்கு, தோட்டத்து உரக்குழி என மனிதர் இடத்திலேயே இது குடியிருக்கிறது. இங்கே படமெடுக்க வருபவர் முதலில் தேட வேண்டியது வீட்டுக்காரரின் அனுமதியை.

இதே நாட்டில் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் விரியன் தலைக்குப் பணம் கொடுத்தார்கள். பாம்பு தெரியாதவர்கள் விஷமற்ற ஷ்லிங்நாட்டர் என்ற பாம்பையும் சேர்த்து அடித்துக் கொண்டுவந்தார்கள். பாம்பின் மீதிருந்த அந்த அச்சம் விலகியதில் திரைக்கும் பங்குண்டு. ஹைன்ஸ் சீல்மான் 1965 முதல் தன் தொலைக்காட்சித் தொடரால் காட்டுயிர்களை ஜெர்மானியர்களின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தார். விலங்கை அதன் போக்கில் பார்க்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே ஏற்படுத்தியவர் அவர்.

பீட்ஸ்மோரில் நிற்கும்போது என் எண்ணமெல்லாம் செங்கல்பட்டுப் பக்கம் போனது. வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்புகளைத் தேடிக் கொடுத்தவர்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் ராஜநாகப் படத்துக்கு 1998-இல் எம்மி விருது கிடைத்தது. ஆளும் அறிவும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. ஆனால் நம் கைப்பேசிகளில் ஓடும் பாம்புப் படங்களில் பெரும்பாலும் வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட நாகம்தான் சீறுகிறது.

கண்ணாடி விரியன் ஆண்களும் இணைசேரும் பருவத்தில் மல்லுக்கட்டுகின்றன. வயல் வரப்பில் அது நடக்கும்போது தடம் பார்த்து இடம் சொல்ல இருளரால் முடியும். அவர்களையே ஒளிப்பதிவாளர்களாகப் பயிற்றுவித்து, நீண்ட லென்ஸும் நியாயமான சம்பளமும் கொடுத்து, தமிழில் அப்படியொரு முழுப்படம் எடுக்க வேண்டும். பாம்புக்கடியில் இந்தியா ஆண்டுதோறும் பல்லாயிரம் பேரை இழக்கிறது. பாம்பு எந்த வேளையில் எங்கே ஒதுங்கும், எதற்கு விலகிப் போகும் என்று நம் விவசாயிகளுக்குக் காட்டும் படம் அவர்களுக்கும் பயன்படும், பாம்புக்கும் பயன்படும்.