குளிருக்கு முன் காஷ்மீர்

காஷ்மீருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பனிக்காகப் போகிறார்கள். இல்லையென்றால் வசந்தத்தில் டியூலிப் தோட்டத்துக்காக. நான் இலையுதிர் காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். சினார் மரங்கள் சிவப்பதைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்த ஆசை குறைவின்றி நிறைவேறியது. ஆனால் இன்று அந்தப் பயணத்தை நினைத்தால் முதலில் மனத்தில் எழுவது, பனி இறங்குவதற்குள் ஒரு பள்ளத்தாக்கே சேர்ந்து செய்து முடிக்கிற வேலைதான்.

ஸ்ரீநகரில் முதலில் போனது நசீம் பாக். தால் ஏரியின் மேற்குக் கரையில், ஹஸ்ரத்பாலை ஒட்டி, காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் முகலாயர் காலத்துச் சினார் தோப்பு அது. ஒவ்வொரு மரமும் நான்கைந்து பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத பருமன். மஞ்சள், செம்பழுப்பு, ரத்தச் சிவப்பு என்று ஒரே கிளையில் மூன்று நிறம். காலடியில் இலைகள் கணுக்கால் அளவுக்குக் கிடந்தன. மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, சில பெண்கள் இலைகளைக் கூட்டிப் பெரிய மூட்டைகளாகக் கட்டினார்கள். எதற்கென்று எங்கள் ஓட்டுநரிடம் கேட்டேன். “காங்ரிக்கு” என்றார்.

காங்ரி என்பது பிரம்புக் கூடைக்குள் வைத்த மண்சட்டி. அதில் தணல் போட்டு, ஃபெரன் என்ற நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடமாடுவார்கள். இலைகளைக் கொளுத்தி, முற்றிலும் சாம்பலாகிவிடாமல் தண்ணீர் தெளித்து அணைத்தால் கரி கிடைக்கிறது. டிசம்பர் 21 அன்று தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் சில்லை கலான் என்ற கடுங்குளிரில், உதிர்ந்த சினார்தான் பல வீடுகளில் உடம்பைக் காக்கிறது. அதைக் கேட்டபின் அந்தத் தோப்பை வெறும் அழகாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

நிஷாத் பாக் தோட்டத்தின் பன்னிரண்டு படித்தளங்களில் ஏறி மேலிருந்து தால் ஏரியைப் பார்ப்பது ஒரு மாலைக்குப் போதும். ஷாலிமாரில் இன்னொரு மாலை. விடியற்காலையை மட்டும் பாம்போருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்ரீநகரிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது, குங்குமப்பூ விளையும் அந்த மேட்டுநிலம். கரேவா என்பார்கள், ஆதியில் ஏரியாக இருந்து வண்டல் படிந்து உயர்ந்த மண். நாங்கள் போனபோது வெயில் இன்னும் ஏறவில்லை. வெற்று மண்ணிலிருந்து விரல் உயரத்துக்கு ஊதாப் பூக்கள் எட்டிப் பார்த்தன. தாத்தா முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை குடும்பம் குடும்பமாகக் குனிந்து பறித்துக் கூடையில் போட்டார்கள். பூ அன்றன்றே பறிக்கப்பட வேண்டும்; தாமதித்தால் வாடிவிடும். ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழை. அவற்றைக் கையால் பிரித்து உலர்த்த வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூ. உரிய காலத்தில் மழை தவறினால் அந்த ஆண்டு விளைச்சலே படுத்துவிடும். நம் வீடுகளில் கர்ப்பிணிகளுக்குப் பாலில் போட்டுக் கொடுக்கிறோமே, அந்தச் சிட்டிகைக்குப் பின்னால் எத்தனை முறை ஒருவர் குனிந்து நிமிர்ந்திருப்பார் என்பதை அங்கேதான் உணர்ந்தேன். 2020-இல் காஷ்மீர் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நியாயமான அங்கீகாரம்.

அதே சாலையில் மேலே போனால் அவந்திபுரா. ஒன்பதாம் நூற்றாண்டில் அவந்திவர்மன் எழுப்பிய கோயில்களின் இடிபாடுகள். சிதைந்த தூண்களிலும் சிற்ப நுணுக்கம் கண்ணை நிறுத்துகிறது. அடுத்து சங்கம் என்ற ஊர். வில்லோ மரத்தில் கிரிக்கெட் மட்டை செய்யும் பட்டறைகள் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. அறுத்த கட்டைகளைக் கோபுரம்போல் அடுக்கிக் காயவைத்திருக்கிறார்கள்.

குல்மார்க் போகும் வழியெல்லாம் ஆப்பிள் பெட்டிகள் ஏற்றிய லாரிகள். அங்கே கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் கோங்டூரி வரை ஒரு கட்டம், அங்கிருந்து அபர்வாத் மலைத்தோள் வரை இன்னொன்று. இரண்டாவது கட்டம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. மேலே புதுப்பனி தூவியிருந்தது. கீழே பள்ளத்தாக்கு இன்னும் பொன்னிறத்தில் இருந்தது. பனி எங்கிருந்து இறங்கி வரப்போகிறது என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

திரும்பும்போது கிராமத்து வீடுகளின் சுவர்களில் கத்தரிக்காய், சுரைக்காய் வளையங்கள், மிளகாய்ச் சரங்கள் தொங்குவதைக் கவனித்தேன். சித்திரை வெயிலில் நம் பாட்டிமார் வற்றல் போடுவதைப் போலத்தான். நமக்கு அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, அவர்களுக்குப் பனியில் சாலை அடைபடும்போது கறிக்கே ஆதாரம்.

போக நினைப்பவர்கள் அக்டோபர் கடைசி வாரத்துக்கும் நவம்பர் இரண்டாம் வாரத்துக்கும் இடையில் போங்கள். குங்குமப்பூவும் சினாரும் சேர்ந்து கிடைக்கும் காலம் அது. காலையும் இரவும் நன்றாகக் குளிரும், கம்பளி வேண்டும். வயலில் வேலை செய்பவர்களைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். முடிந்தால் அவர்கள் கையிலிருந்தே நேராக வாங்குங்கள். நாம் பார்த்து ரசிக்கும் அந்தச் சில வாரங்களில்தான் அவர்கள் தங்கள் குளிர்காலம் முழுவதையும் சேர்த்துவைக்கிறார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், கொஞ்சமாவது கைகொடுத்துவிட்டு வருவதுதான் அந்த ஊருக்கு நாம் செய்யும் மரியாதை.