ரப்பர் தோட்டம் வழியாக உலக வரலாறு

திங்கள்

குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு (ஜி.எஸ்.) முதல் தாளுக்கு 250 மதிப்பெண். இந்திய வரலாறு, பண்பாடு, சமூகம், புவியியல் எல்லாம் போக, உலக வரலாற்றில் வந்தால் ஒன்றிரண்டு கேள்விகள். பாடத்திட்டத்திலோ தொழிற்புரட்சி, உலகப் போர்கள், மாற்றி வரையப்பட்ட எல்லைகள், காலனியாதிக்கமும் அதன் முடிவும், கம்யூனிசம், முதலாளித்துவம் என்று 18ஆம் நூற்றாண்டு முதல் உலகமே கிடக்கிறது. "ரெண்டு கேள்விக்காக இவ்ளோ படிக்கணுமாடி? விட்டுட்டு சொசைட்டியைப் பாரு" என்கிறாள் சேலையூர்த் தோழி. எனக்கு மனம் ஒப்பவில்லை. நம்மை ஆண்டவர்கள் ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள் என்பதற்குப் பாதி விடை இந்தியாவுக்கு வெளியே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மீதிப் பாதியை எப்படி எழுதுவது?

புதன்

தாம்பரத்திலேயே புறப்படும் கடற்கரை வண்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கிண்டி வரும்வரை பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம். அதில் வரலாற்றின் முதல் நான்கு பாடங்களும் உலகப் போர்களும் அவற்றுக்கு இடைப்பட்ட, பிற்பட்ட உலகமும்தான். அடித்தளத்துக்கு அது போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து பழைய கேள்விகளைப் பிரித்தேன். 2015: இரு உலகப் போர்களுக்கும் ஜெர்மனி எந்த அளவுக்குப் பொறுப்பு? 2017: மலாய் தீபகற்பம் விடுதலை பெற்றபோது எழுந்த சிக்கல்கள். 2018: இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஆங்கிலேயர் மற்ற காலனிகளுக்கு ஏன் கொண்டுபோனார்கள்? 2024: முதல் உலகப் போர் அதிகாரச் சமநிலையைக் காப்பதற்கான போர்தானா?

எந்தக் கேள்வியும் ஆண்டையோ பெயரையோ மட்டும் கேட்கவில்லை. எல்லாமே காரணம் கேட்கின்றன. அப்படியிருக்க, "திங்கள் பிரான்ஸ், செவ்வாய் ரஷ்யா" என்று நாடு நாடாக அட்டவணை போடுவதில் என்ன பயன்? காரணங்கள் நாட்டு எல்லைக்குள் நிற்பதில்லையே.

வெள்ளி, இரவு

ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியெல்லாம் போவது என்று முடிவெடுத்தேன். முதலில் ரப்பர்.

பிரிட்டிஷ் காலனிகளில் 1834இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். அது 2018 கேள்வியின் விடை. 1870களில் பிரேசிலின் ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டம் வழியாக சிங்கப்பூர் வந்தது. பிறகு மோட்டார் வாகனம் வந்தது, டயர் வந்தது, மலாயாக் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்து ஆள் திரட்டிப் போனார்கள். 1929இல் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்து பெருமந்தம் பரவியபோது ரப்பர் விலையும் விழுந்தது. வேலையிழந்த தொழிலாளர் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. சயாம்-பர்மா ரயில் பாதை போட தோட்டத் தமிழர்களைப் பிடித்துப் போனார்கள். அதே தோட்டங்களிலிருந்துதான் பெண்கள் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். 1948இல் நெருக்கடி நிலை, 1957 ஆகஸ்ட் 31இல் மலாயா விடுதலை.

தொழிற்புரட்சி, காலனியாதிக்கம், பெருமந்தம், இரண்டாம் உலகப் போர், காலனிய முடிவு: பாடத்திட்டத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வழியிலேயே வந்துவிட்டது. சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். அவருடைய பெரியப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர். "அந்த ரயில் போட்ட காட்டுக்குப் போனவங்க நிறைய பேர் திரும்பலம்மா" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. இந்தப் பகுதியை நான் அவசரமாகப் படிக்கப் போவதில்லை. அட்டவணையில் அதிக நாள் இதற்குத்தான்.

சனி

போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக்கு ஒரு பிடி கிழக்குத் தாம்பரத்திலேயே இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து இங்கே வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மியூனிக் ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான்ஜிங் ஜப்பானியரிடம் விழுந்து ஓராண்டு. சீனரும் ஜப்பானியரும், ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் தாம்பரத்தில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த செப்டம்பரில் ஐரோப்பாவில் போர். 1919 வெர்சாய் உடன்படிக்கையிலிருந்து இந்த டிசம்பர் வரை எப்படி வந்து சேர்ந்தோம் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். சர்வதேச சங்கத்தின் தோல்வி, முசோலினி, ஹிட்லர், மஞ்சூரியா எல்லாம் அந்தப் பக்கத்துக்குள் வரும்.

ஞாயிறு

அட்டவணை உருவாகிவிட்டது. 1870 முதல் 1914 வரை தடிமனான பகுதி. இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பும் கூட்டணிகளும் ஆப்பிரிக்கப் பங்கீடும் சேர்ந்தே படிக்க வேண்டியவை. நெப்போலியனின் போர்க்களங்களை விட்டுவிடுகிறேன். அவருடைய சட்டத் தொகுப்பும் 1815 வியன்னா மாநாடும் போதும். பனிப்போரில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் பக்கம் மட்டும்: 1955 பாண்டுங், 1956 சூயஸ்.

படிக்கும் நேரத்தைவிட எழுதும் நேரத்தை அதிகமாக்கியிருக்கிறேன். மூன்று மணி நேரத்தில் 20 கேள்விகள். சராசரியாக ஒன்றுக்கு 9 நிமிடம். பத்து மதிப்பெண்ணுக்கு 150 சொல், பதினைந்துக்கு 250. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். நான் தமிழில் எழுதுகிறேன். கேள்வியைப் படித்து மனத்தில் தமிழாக்கிக்கொள்வதும் அந்த 9 நிமிடத்துக்குள் அடங்கவேண்டும் என்பதால் கடிகாரம் வைத்து எழுதித்தான் பழகவேண்டும். காலையில் ஒரு விடை, ரயிலில் வாசிப்பு, மாலையில் அதே விடையைத் திருத்தி மறுபடி ஒருமுறை.

நாளைக் காலைக்கு 2017இன் மலாய் கேள்வி. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூன்று சமூகங்களின் குடியுரிமைச் சிக்கலில் தொடங்கி, 1946 மலாயன் யூனியனை மலாய்க்காரர் ஏன் எதிர்த்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.