பிடி அரிசிக் கலயம்

அப்பத்தாவின் அடுப்படியில் இரண்டு கலயங்கள் இருந்தன. ஒன்றில் உப்பு. இன்னொன்றை யாரும் தொடக் கூடாது. அரிசியை உழக்கில் அளந்து சுளகில் கொட்டிப் புடைப்பாள். களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூடத் திண்ணையிலிருந்து குரல் வரும்: “ஒரு பிடி எடுத்துப் போட்டியாம்மா?”

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். கலயம் நிறைந்ததும் அந்த அரிசி, தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்து திருச்சுழியில் அறை பிடித்துத் தங்கிப் படித்த மூன்று பையன்களுக்குப் போகும். ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். குண்டாற்று மணல் காலைச் சுடும். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அது ஆறல்ல, பாதை.

ஒருநாள் அலுப்பில் கேட்டுவிட்டேன், “நம்ம ஏன் அப்பத்தா இவங்களுக்குக் குடுக்கணும்?”

அவள் கோபப்படவில்லை. “எங்க ஊருல ஒரு பள்ளிக்கூடமே இப்பிடித்தான்யா நடந்துச்சு” என்றாள்.

அவள் பிறந்தது விருதுபட்டியில். விருதுநகர் என்று பெயர் மாறிய பிறகும் அவள் வாயில் அது விருதுபட்டிதான். அங்கே 1885-இல் நாடார் உறவின்முறை சத்திரிய வித்யாசாலா என்ற பள்ளியைத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாங்கிப் போவார்கள். அவளுடைய அம்மா போட்டாள். கை எட்டுகிற உயரம் வந்ததும் இவளும் போட்டாள். அண்ணன் அந்தப் பள்ளிக்குப் போனார். இவளை அனுப்பவில்லை. “அரிசி மட்டும் போச்சு, நான் போகல” என்பாள். அதைச் சொல்லும்போது சுளகில் இருக்கும் கை சற்று நிற்கும்.

வாக்கப்பட்டு வந்த இடத்தில் அரிசிக்கு எங்கே போவது? கரிசல் பூமி. ஐப்பசி மழையை நம்பி மல்லியும் மிளகாயும் பருத்தியும் போட்ட சம்சாரி வீடு. கம்பும் குதிரைவாலியும்தான் அன்றாடம். நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அவள் கலயத்தை விடவில்லை. பிடி அரிசி பிடிக் கம்பாயிற்று. அந்தக் காலத்தில் அது ஊர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் வீட்டுக்குப் போனதாம்.

பெரியவனான பிறகுதான் மகமை பற்றிப் படித்தேன். வியாபாரிகள் தங்கள் சரக்கின்மேல் தாங்களே விதித்துக்கொண்ட வரி அது. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்து, கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கும் செலவிட்டார்கள். விருதுநகர் பேட்டைக்கு வந்த மல்லியும் வத்தலும் பருத்தியும் எங்கிருந்து வந்தன? எங்கள் பக்கத்துக் காடுகளிலிருந்தும்தான் வண்டி வண்டியாகப் போயின. அந்தப் பள்ளியின் வாசலையே பார்த்திராத எத்தனையோ சம்சாரிகளின் மூட்டையும் அதன் சுவரில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடார்களைப் பல கோயில்களுக்குள் விடாத காலம் அது. தங்கள் முகத்தில் கதவு சாத்தப்பட்டதைப் பார்த்தவர்கள், தாங்கள் கட்டிய பள்ளியின் கதவை மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

1985-இல் நான் ஏழாம் வகுப்பு. அந்த மார்ச்சில்தான் எங்கள் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்திருந்தது. ஜூனில் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டு, ‘காமராசர் மாவட்டம்’ என்று முகவரி எழுதினோம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “காமராசர் படிச்ச விருதுநகர்ப் பள்ளிக்கும் இந்த வருஷம் நூறு வயசு” என்றார். அப்பத்தா காதில் விழுந்துவிட்டது. “என்னைய ஒருதடவ கூட்டிட்டுப் போங்கப்பா” என்றாள். அதற்கு முன் எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு நாளில் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அருப்புக்கோட்டையில் இறங்கி வேறு பஸ். நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தம். சாலியர் பள்ளி, தேவாங்கர் பள்ளி, நாடார்களின் எஸ்.பி.கே. பள்ளி என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சமூகமும் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் எழுப்பிய ஊர் அது. பாலவநத்தம் தாண்டியதும் அப்பத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

விருதுநகர் பஜாரில் வத்தல் நெடி மூக்கில் ஏறி நான் தும்மிக்கொண்டே நடந்தேன். அவள் தும்மவில்லை. தெப்பக்குளம் வந்ததும் மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிறகு அப்பாவுக்கு முன்னால் அவளே நடந்தாள்.

பள்ளி வாசலுக்கு வந்தபோது மத்தியான மணி அடித்திருந்தது. பையன்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றாள். உள்ளே வரச்சொல்லி அப்பா எவ்வளவோ கூப்பிட்டார். “இங்கன போதும்யா” என்றாள். எதிரே வந்த ஒரு சின்னப் பையனைப் பிடித்து நிறுத்தி, “சாப்பிட்டியா ராசா?” என்று கேட்டாள். அவன் விழித்துவிட்டு ஓடிவிட்டான்.

“சிவகாமியம்மா மகனும் எங்கண்ணனும் இப்பிடித்தான் ஓடி வருவாக” என்றாள். அந்த மகன் காமராசர், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுத் துணிக்கடைக்குப் போனவர். அண்ணனும் அப்படியே ஒரு கடைக்குப் போய்விட்டார். அந்தக் காமராசர்தான் 1954-இல் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். 1956-இல், எங்களுக்குத் தெற்கே பந்தல்குடி தாண்டியிருக்கும் எட்டயபுரத்தில், மதிய உணவைத் தொடங்கினார். முதலில் ஊர்க்காரர்களிடம் தானியமும் பணமும் கேட்டு வாங்கித்தான் அந்தச் சோறு வெந்தது. ஊரிடம் கேட்கலாம், கேட்டால் கொடுக்கும் என்ற நம்பிக்கை, பிடி அரிசியில் படித்தவருக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அவர் முதல்முறை முதலமைச்சரானபோது எங்கள் அருப்புக்கோட்டையின் சட்டமன்ற உறுப்பினர். நான் தட்டேந்தி வரிசையில் நின்றது அந்தச் சோற்றுக்குத்தான். அன்று அப்பத்தாவுக்குப் பக்கத்தில் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் கை நடுங்கியது மட்டும் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போனேன். சுளகு அவள் மடியில் இருந்தது. “இன்னைக்கி நான் போடுறேன் அப்பத்தா” என்றேன். அவள் என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

“சின்னக் கையா இருக்கே. ரெண்டு பிடி போடுய்யா.”