எங்கே கழட்டுறது?

கல்யாண முருங்கைக் கட்டையில் எடையே இருக்காது. கட்டைக்கூத்துக்காரர்கள் கிரீடத்துக்கும் புஜத்துக்கும் அந்த மரத்தைத் தேடிப்போவது அதனால்தான். விடிய விடிய தோளில் கிடக்கவேண்டுமே. இதைச் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. வடபழனியில், நாடகத்துக்கும் சினிமாவுக்கும் டிரெஸ் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் அவர் தையல்காரர். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன்.

கடை முழுக்க மைதாப் பசை வாசனை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள். கையை வாயில் வைத்தால் முதுகில் ஒன்று விழும். களிமண் அச்சின்மேல் பழைய பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்டி, அதன்மேல் ஒரு சுற்று வேட்டித் துணி, அப்புறம் தங்கக் காகிதம், சமிக்கி, கண்ணாடிச் சில். அதுதான் இந்திரன் கிரீடம். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தங்கம் விலை நிலவரம் தலைகீழாகத் தெரியும்.

வெள்ளை வேட்டியை டீத்தண்ணியில் முக்கித்தான் அனுப்புவார்கள். விளக்கு வெளிச்சத்தில் சுத்த வெள்ளை கண்ணைக் கூசும், மடிப்பே தெரியாது. மாயக் காட்சிக்குப் போகும் உடையில் கறுப்பு இருக்கிறதா என்று பெரியப்பா ஓரம்வரை புரட்டிப் பார்ப்பார். அன்றைக்குத் தந்திரம் பலவும் காமிராவுக்குள்ளேயே நடந்தது. பின்னால் கறுப்பு வெல்வெட்டைத் தொங்கவிட்டு ஒரு முறை எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி அதன்மேலேயே இன்னொரு முறை. கறுப்பு பதியாது, பதியாத இடத்தில் அடுத்த உருவம் வந்து உட்காரும். பூதத்தின் இடுப்புத்துணி கறுப்பாக இருந்துவிட்டால் வயிற்றுக்குள்ளே அரண்மனைத் தூண் தெரியும்.

இப்போது பச்சைத் திரை. அதனால் பச்சை ஆகாது. பளபளக்கும் கவசமும் ஆகாது, திரையின் பச்சை அதில் ஏறிக்கொள்ளும். இன்று நானும் சினிமாவுக்கு உடை செய்கிறேன்; என்னிடம் வந்திருக்கும் அசுரனுக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. முழுக்கக் கம்ப்யூட்டரில் பிறந்தவன். தோளில் நூறு கிலோ பித்தளையை வைத்தாலும் வலி என்று சொல்லமாட்டான்.

அவனுக்குத் துணி தைப்பதும் மென்பொருளில்தான். மார்வலஸ் டிசைனரில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று தட்டையாக வெட்டி, எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேரும் என்று காட்டினால் உருவத்தின்மேல் துணி வந்து விழுகிறது. கையின் மேல்வளைவை உடம்பின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டவேண்டும். இல்லையென்றால் தோளில் இழுக்கும். தையல் தெரியாத பிள்ளைகள் இங்கேதான் திணறுகிறார்கள். எனக்கு அது சாக்குக்கட்டிக் கோடாகவே கண்ணில் நிற்கிறது.

எந்த ஓவியர் எந்தப் படத்தை நீட்டினாலும் பெரியப்பா முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை எங்கே கழட்டுறது?" ராஜாவோ ராட்சசனோ, ஒரு மணிக்குச் சாப்பிடணும், நடுவில் ஒன்றுக்குப் போகணும். அதற்காக எல்லாக் கவசத்துக்கும் முதுகில் நாடா. பழக்கதோஷத்தில் என் அசுரனுக்கும் நாடா வைத்தேன். "காமிரா பின்னாடியே போகாதே சார்" என்று கூட இருக்கிற பையன் அழித்துவிட்டான். அவன் சொன்னதும் சரிதான்.

பெரியப்பாவுக்குப் பிடித்த படம் 'மாய பஜார்', 1957-இல் வந்தது. கே.வி. ரெட்டி இயக்கம், மார்க்கஸ் பார்ட்லி காமிரா, கோகலேயும் கலாதரும் கலை. அதை எடுத்த வாகினி ஸ்டூடியோ தளங்கள் இருந்த நிலத்தில் இன்று மால் நிற்கிறது. படத்தை மட்டும் டிவியில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். போட்டால் பெரியப்பா ஊசியைக் கீழே வைத்துவிடுவார். கடோத்கஜன் வத்சலாவாக உருமாறி வரும் கட்டத்துக்குத்தான் காத்திருப்பார். பட்டு, நகை, பூ, எல்லாம் பெண்ணுக்குரியதுதான். அரக்கன் உள்ளே இருப்பதை சாவித்திரி நடையிலும் தோளிலும் மட்டும் காட்டுவார். இன்றைக்கு அப்படி ஒரு காட்சியைச் சொன்னால், கண்ணையாவது சிவப்பாக்கலாமே என்பார்கள்.

"நடக்குறா பாருடா," என்பார் பெரியப்பா. "நாங்க ராத்திரியெல்லாம் ஜிகினா ஒட்டினது அத்தனையும் தண்டம்." சொல்லும்போது முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.