மார்கழி விடுமுறையில் பதுளைக்குப் போகலாமா?

ஐரோப்பாவில் குடியேறியிருக்கும் எமது தமக்கையின் மகன் 2025ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் எமக்கு ஒரு மடல் எழுதியிருந்தான். அவ்விடத்துக் குளிர்காலம் பொல்லாதது. மார்கழி வந்ததும் வசதியுள்ளவர்கள் வெயிலைத் தேடித் தெற்கே புறப்பட்டு விடுவார்களாம். அவனும் அவ்வாறே, ஆபிரிக்கக் கரைக்கு மேற்கே அத்திலாந்திக் கடலில் கிடக்கும் கனேரித் தீவுகளுள் ஒன்றான லா பல்மாவுக்குக் குடும்பத்துடன் போக ஆயத்தமாகியிருந்தான். அது எரிமலைகளாலேயே ஆன தீவு. எந்தப் பாதணி கொண்டு போவது, எந்த நாளில் எந்த மலையில் ஏறுவது என்றெல்லாம் மூன்று பக்கத்துக்குத் திட்டம் வகுத்திருந்தான். எமது பிள்ளைகள் இருவரும் அம்மடலை மாறி மாறிப் படித்தனர். அதன் பின்பு வீட்டில் அமைதி ஏது?

"அப்பா, எங்கள் நாட்டிலே எரிமலை ஒன்றும் இல்லையோ?" என்று இளையவன் கேட்டான்.

இல்லை என்றோம். திருகோணமலைக்கு அண்மையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றனவே என்று மூத்தவள் வாதாடினாள். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டினால் வெம்மையுற்று மீண்டும் மேலே வருவதே அந்த வெந்நீர். அதற்கும் எரிமலைக்கும் உறவில்லை. எமது மலைநாட்டுப் பாறைகளோ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. நிலத்தின் அடியிலே அழுத்தமும் வெப்பமும் பட்டு உருமாறிப் பின்னர் உயர்ந்தவை. இவ்வளவையும் விளக்கி முடித்தபோது, "எரிமலை இல்லாவிட்டால் போகட்டும், அந்த மலையையாவது காட்டுங்கள்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லி விட்டார்கள். இல்லத்தரசியும் அவர்கள் பக்கமே சேர்ந்து கொண்டார். மார்கழி விடுமுறைக்கு ஊவா மாகாணம் என்று முடிவாயிற்று.

ஊவா எமக்குப் புதிதன்று. ஆசிரிய கலாசாலையில் எம்முடன் பயின்ற நண்பர் ஒருவர் பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் பல்லாண்டுகளாகப் பணிபுரிகிறார். அவர் வீட்டுக்கு நாம் இருமுறை போயிருக்கிறோம். ஒருமுறை ஆவணியில், மற்றொரு முறை மார்கழியில். இரண்டும் இரு வேறு நாடுகளுக்குப் போய் வந்தது போலவே எமக்குத் தோன்றின.

யாழ்ப்பாணத்திலிருந்து போகின்றவர்கள் பொல்காவலையில் இறங்கிப் பதுளைப் புகையிரதத்தில் மாறி ஏற வேண்டும். அங்கிருந்து பேராதனை, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா என்று வண்டி மூச்சு வாங்கி ஏறும் அழகைப் பற்றிப் பலரும் எழுதி விட்டனர். நாம் வேறு எழுத வேண்டியதில்லை. பட்டிப்பொலை நிலையம் மட்டும் குறிப்பிடத் தக்கது. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் உள்ள அதுவே இந்நாட்டுப் புகையிரத நிலையங்களுள் உயரமானது. அதைக் கடந்ததும் ஒரு சுரங்கப் பாதை வருகிறது. அதன் மறுபுறம் ஊவா. சுரங்கத்தின் இப்புறம் மழை கொட்டினால் அப்புறம் வெயில் எறிக்கும் என்று வண்டியிலே பயணம் செய்வோர் சொல்வார்கள். ஆவணியில் நாம் போனபோது அதனைக் கண்ணாரக் கண்டோம். நானுஓயாவில் குடை பிடித்தவர்கள் ஓகியாவில் கண்ணைச் சுருக்கிக் கொண்டு வெயிலைப் பார்த்தார்கள்.

இதன் காரணத்தை மாணவர்கள் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குக் காற்று, தான் சுமந்து வரும் நீரையெல்லாம் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே இறக்கி விடுகிறது. மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அது வறண்ட காற்று. அதற்குக் கச்சான் என்று பெயர். (கச்சான் என்றதும் எமது பிள்ளைகளுக்கு வறுத்த கடலைதான் நினைவுக்கு வந்தது.) ஆடி ஆவணியில் இந்தக் காற்றுப் படும்போது தேயிலைச் செடியின் துளிர் மெல்ல மெல்ல வளர்கிறது, கொழுந்து குறைகிறது, ஆனால் அதிலே ஒரு தனி மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த வரட்சியே. ஐப்பசியிலிருந்து தை வரை நிலைமை தலைகீழ். முதலில் இடிமழை, அதன் பின் வடகீழ்ப் பருவமழை. மேற்குச் சரிவு வெளித்திருக்கும் நாள்களில் ஊவா நனைந்து கொண்டிருக்கும். மார்கழி என்றால் எங்கும் ஒரே பனியும் குளிரும் என்று எண்ணி ஊவாவுக்குப் புறப்படுவோர் இதனைக் கருதுவதில்லை. முதன்முறை நாமும் கருதவில்லை.

அந்த மார்கழிப் பயணம் இன்றும் நினைவிலிருக்கிறது. அப்புத்தளையில் வண்டி நின்றபோது வெளியே ஒன்றுமே தெரியவில்லை. தெற்குச் சமவெளி முழுவதையும் பார்க்கலாம் என்று நண்பர் எழுதியிருந்த இடத்தில் வெண்மையான முகில் மதில் போல நின்றது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் அரை நிமிடம் மட்டும் முகங்காட்டியது. 1921இல் உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்ட அந்தப் பாலத்தைப் பார்க்க இப்போது உலகின் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக் கொள்ளும் வழக்கம் எமக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லி விடுகிறோம். தெமோதரையில், நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி மலையைச் சுற்றி இறங்கி அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்தால் வெளிப்படுகிறது. பெரியவர்களும் இதனைக் குழந்தைகள் போல எட்டிப் பார்க்கிறார்கள்.

புகையிரதம் பதுளையை எட்டியது 1924இல். பயணிகளின் வசதிக்காகவா இவ்வளவு பாடுபட்டு மலையைக் குடைந்தார்கள்? தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்க வேண்டியிருந்தது. அந்தத் தேயிலையை நட்டவர்களோ தென்னிந்தியாவிலிருந்து வந்து காடும் மேடும் நடந்தே மலையேறியவர்கள். அவர்களில் மிகப் பலருடைய குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாமற் செய்தது. நாடற்றவர் என்று எஞ்சியிருந்தோருக்கு அதனை மீட்டுக் கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஊவாவிலேயே பிறந்து, அம்மக்களின் வாழ்வைக் கதைகளாக எழுதியவர் தெளிவத்தை ஜோசப். அங்கே போக எண்ணும் மாணவர்கள் அவருடைய சிறுகதைகளில் இரண்டொன்றையாவது படித்து விட்டுப் போவார்களாயின், வண்டியின் சாளரத்துக்கு வெளியே தெரிவது வெறும் பச்சைக் கம்பளமாக இராது.

பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், நமுனுகுலை மலையின் அடியில் இருக்கிறது. நுவரெலியாவைப் போன்ற கடுங்குளிர் அங்கே கிடையாது. முத்தியங்கனை விகாரையும் கதிர்காமத் தேவாலயமும் நகருக்குள்ளேயே உள்ளன. துன்ஹிந்தை அருவி சிறிது தொலைவில், பதுளை ஓயாவில் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. மார்கழியில் அதன் பெருக்கு கண்கொள்ளாக் காட்சி, பாதையோ வழுக்கும். அட்டைகளுக்கென்று சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கையோடு வைத்துக் கொள்வது நன்று.

நண்பரின் வீட்டிலே நாம் தங்கிய மூன்றாம் நாள் இரவு, மழை ஓயாமற் பெய்தது. விடியற்காலையில் கதவைத் திறந்தபோது எதிரே இருந்த லயத்திலே எல்லோரும் விழித்திருந்தார்கள். குழந்தைகளைப் போர்வையிற் சுற்றித் தாய்மார் திண்ணையில் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் பார்வையெல்லாம் வீட்டின் பின்புறம் எழும்பி நின்ற மலையிலேயே இருந்தது. முன்னாளிற் கங்காணியாக இருந்த முதியவர் ஒருவர் மண்வெட்டியுடன் மேலே ஏறிக் கொண்டிருந்தார். கான் அடைத்துக் கொண்டதாம். தேயிலை மலையில் குறுக்கே வெட்டி மழைநீரை ஓரமாக இறக்கும் வாய்க்காலுக்கு அங்கே கான் என்று பெயர். "முன்னெல்லாம் கான் வெட்ட ஆள் போடுவாங்கய்யா. இப்ப யாரு பாக்குறா? கான் அடைஞ்சா மலை தண்ணியக் குடிச்சிரும். குடிச்ச மலை நிக்காது" என்றார் அவர். அன்று மலை நின்றது. நாமும் அருவியைப் பார்த்து விட்டு ஊர் திரும்பினோம்.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஒன்றில், 2014 ஐப்பசியில், அதாவது ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை நிற்கவில்லை. லயங்களும் அவற்றிலே இருந்தவர்களும் மண்ணுக்குள் போயினர். பாடசாலைக்கு முன்னரே புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எஞ்சியவர்களுக்கு மாக்கல்தெனியவில் புதிய வீடுகள் கிடைத்தது 2016இல். பதினொரு ஆண்டுக்கு முன்பே கிடைத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி எம்மை விட்டுப் போகவில்லை. கொஸ்லாந்தையில்தான் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலுமை அருவியும் இருக்கிறது. அதனைப் பார்த்துத் திரும்பும் வழியில் அந்த மலைச் சரிவையும் பார்த்து வருகிறவர்கள் எத்தனை பேர்?

இனி எமது 2025ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு வருவோம். கம்பளிச் சட்டைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்து வெயிலிற் காய்ந்தன. பிள்ளைகள் சுவரிலே ஒரு தாளை ஒட்டி, நாளுக்கு ஓரிடமாக எழுதினார்கள். நண்பருக்கு எழுதியபோது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு பற்றி விடுக்கும் அறிவித்தலைப் பார்த்துக் கொண்டே வாருங்கள் என்று பதில் வந்தது. மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம் என்று அதிலே விளக்கியும் இருந்தார்.

கார்த்திகை மாதத்தின் நடுவில் டித்வா சூறாவளி வந்தது. நவம்பர் இறுதியில் அது நாட்டைக் கடந்தபோது வெள்ளத்திலும் மண்சரிவிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் பெயர்ந்தது. மூன்று நாளாக நண்பருடைய தொலைபேசி மணி அடிக்கவேயில்லை. நான்காம் நாள் அவரே அழைத்தார். அவர் குடும்பம் தப்பியது. எமக்கு நினைவிலிருந்த அந்த லயம் இல்லை. அதில் இருந்தவர்களை முதல்நாள் மாலையிலேயே பாடசாலைக்கு அழைத்து வந்து விட்டார்களாம். "மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கிறார்கள். விடுமுறை முடிந்தாலும் வகுப்பு எங்கே நடத்துவதென்று தெரியவில்லை. இப்போது வராதீர்கள் ஐயா" என்றார்.

சுவரிலிருந்த தாளைக் கழற்ற எமக்குக் கை வரவில்லை.

தை பிறந்த பின் லா பல்மாவிலிருந்து திரும்பிய மருமகனின் இரண்டாவது மடல் வந்தது. அங்கே 2021 செப்டெம்பர் 19இல் வெடித்த எரிமலை 85 நாள்கள் நெருப்புக் குழம்பைக் கக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கூரை மட்டும் தெரியக் கருங்கல்லாக உறைந்து கிடக்கும் ஒரு வீட்டைக் கண்டதாக அவன் எழுதியிருந்தான். அவ்வளவு பெரிய அழிவிலும் உயிர்ச்சேதம் மிகச் சொற்பம். ஏறத்தாழ ஏழாயிரம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றியிருந்தார்கள். மூத்தவள் இந்த மடலை இருமுறை படித்தாள். "அங்கே நெருப்புக்கு முன்னே ஆட்களைக் கூட்டிக் கொண்டு போனார்கள். மீரியபெத்தையில் ஒன்பது வருஷம் இருந்ததே, அப்பா" என்றாள். எமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. லயத்தை விட்டுப் போகச் சொன்னால் அவர்கள் எங்கே போவது, குடியிருக்கும் நிலத்தில் ஒரு துண்டு கூடத் தமக்குச் சொந்தமில்லாதவர்களுக்கு வேறு நிலம் யார் கொடுப்பது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தோம். அவை காரணங்களேயன்றி மறுமொழி ஆகா என்று அவள் முகமே காட்டியது.

திட்டத்தை ஆவணிக்கு மாற்றியிருக்கிறோம். கச்சான் வீசும் காலம், அருவியில் நீர் குறைந்திருக்கும், தேயிலை மணக்கும். புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்துக் கொண்டே பயணச்சீட்டு எடுப்பதாக எண்ணம். ஓடாத இடத்தில் பேருந்து. வாசகர்களில் எவரேனும் மார்கழியில்தான் போக வேண்டுமென்று இருந்தால், நிறங்களின் அறிவித்தலைப் பார்த்துப் போங்கள். சரிவின் அடியிலுள்ள விடுதிகளைத் தவிர்த்து விடுங்கள். தோட்டத்து மக்கள் "இன்றைக்குப் போக வேண்டாம்" என்று சொன்னால், அதற்கு மேல் வேறொருவரிடம் கேளாதீர்கள்.

வரும்போது என்ன கொண்டு வருவது என்று நண்பரைக் கேட்டோம். முன்பெல்லாம் பனங்கட்டியும் சின்ன வெங்காயமும் கேட்பார். இம்முறை, கோடு போட்ட அப்பியாசக் கொப்பிகள், எண்பது பக்கம், முடிந்த அளவு, என்று எழுதியிருக்கிறார்.