பாகலூர் வாசலில் இரண்டு கோலங்கள்

ஓசூரில் பஸ் ஏறி, மாலூர்ச் சாலையில் வடகிழக்கே போனால், சற்று நேரத்தில் பாகலூர் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் போனால் கர்நாடகம். வழியில் தொழிற்சாலைக் கொட்டகைகள், லாரிகள். நடுநடுவே ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்கள். கடைத் தெருவில் சற்றே நின்று காது கொடுத்துப் பாருங்கள். விலை கேட்பது தமிழில், பேரம் தெலுங்கில், சில்லறை எண்ணுவது கன்னடத்தில்!

மார்கழியில் அங்கே என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர்! அந்தக் குளிரிலும் அவள் விடியுமுன் எழுந்து, 15 புள்ளி வைத்து, இடைப்புள்ளி எட்டில் நிறுத்தி, ஒற்றை இழையில் சிக்குக் கோலம் போட்டாள். முடித்து நிமிர்வதற்குள் பால்காரர் மோட்டார் சைக்கிளை அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பார்த்தாயா, அக்கா? நின்று பார்க்க ஓர் ஆள் இல்லை!" என்றாள். அந்தக் கோபம் மகன் மேல் திரும்பியது. "இவனானால் எப்போதும் அந்த விளையாட்டுப் பெட்டி. இன்றைக்கு அதைத் தூக்கிப் பரணில் போடப் போகிறேன்."

"பெரியம்மா, நான் விளையாடவில்லை, கட்டுகிறேன்" என்றான் பையன்.

என்ன கட்டுகிறான் என்று போய்ப் பார்த்தேன். 2019-ல் வந்த 'சூப்பர் மாரியோ மேக்கர் 2' என்ற விளையாட்டு. செங்கல், குழாய், பள்ளம், பகைவர் எல்லாவற்றையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆட்டத்தின் கட்டத்தை நாமே அமைக்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: கட்டியவரே ஒரு தடவை கடைசிவரை ஓடிக் காட்டினால்தான் அதை மற்றவர்களுக்கு அனுப்ப முடியும். தொடங்கிய இழை தொடங்கிய இடத்துக்கே திரும்பினால்தான் சிக்குக் கோலம் என்று நாம் சொல்வதில்லையா?

இது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. 1983-ல் வந்த 'லோட் ரன்னர்' 150 கட்டங்களோடு, புதிதாகக் கட்டிக்கொள்ளும் வசதியையும் தந்தது. ரசிகர்கள் கட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1984-ல் அடுத்த ஆட்டத்தையே வெளியிட்டார்கள். வாசகிகள் அனுப்பும் கோலங்களைப் பத்திரிகைகள் போடுவது போலத்தான்!

"உன்னுடையதை எத்தனை பேர் ஆடினார்கள்?" என்று கேட்டேன்.

"மூன்று பேர். யாரும் முடிக்கவில்லை." பையன் முகம் சுண்டிவிட்டது.

அப்போது நான் கேள்விப்பட்ட கதையைச் சொன்னேன். 2015-ல் வந்த முதல் மாரியோ மேக்கரின் இணையச் சேவையை 2024 ஏப்ரலில் மூடினார்கள். 'டீம் 0%' என்ற ரசிகர் கூட்டம், யாருமே முடிக்காத கட்டம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று பல வருஷங்களாக ஒவ்வொன்றாக ஆடி முடித்து வந்தது. கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதைக் கட்டியவர், தாம் கையால் முடிக்கவில்லை, கருவியின் உதவியால் முடித்து அனுப்பினோம் என்று ஒப்புக்கொண்டார். அதையும் ஒருவர், கதவு மூடச் சில நாட்களே இருக்கையில், தம் கையாலேயே முடித்துவிட்டார்! முகம் தெரியாத யாரோ பாடுபட்டுக் கட்டியதை யாராவது பார்த்துவிட வேண்டும் என்ற அக்கறைதானே அது?

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கை மெல்ல வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொடு, பார்க்கலாம்" என்றாள். முதல் பள்ளத்திலேயே விழுந்தாள்.

"ஏண்டா, பள்ளத்தை இங்கேயா வைப்பாய்?"

"மேலே காசு வரிசையைப் பாரும்மா. அது போகிற வழியில் குதிக்க வேண்டும்."

"ஓ! புள்ளி வைத்திருக்கிறாயா?" என்றாள் தங்கை. பையன் சிரித்துவிட்டான்.

அன்று அவளும் முடிக்கவில்லை. ஆனால் பெட்டி பரணுக்குப் போகவில்லை. பாடம் படித்தபின் அரை மணி என்று ஒப்பந்தமாயிற்று. மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். கோலத்தை யாரும் மிதிக்காமல், பையன் வாசலில் காவல் நின்றுகொண்டிருந்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம், அம்மா. பெட்டியைப் பிடுங்குமுன், "இது நீ கட்டியதா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!