மேளகர்த்தா அப்புறம் சார்... முதல்ல காது!

‘மியூசிக் அப்ரிசியேஷன்’னு ஒரு எலெக்டிவ். ‘கிரெடிட் ஈஸி மச்சி’ன்னு நம்பி அறுபது பேர் சேர்ந்தோம். முதல் வாரமே 72 மேளகர்த்தா ராகங்களையும் மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. மூணாவது வாரம் பாதி கிளாஸ் தூக்கத்துல ஆலாபனை!

இத்தனைக்கும் இது திருச்சி. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்துல, திருவானைக்காவல்ல 1888-ல் பிறந்தவர் சர் சி.வி.ராமன். நோபல் வாங்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, 1920-ல், மிருதங்கம், தபலா பத்தி ‘நேச்சர்’ இதழ்ல எழுதினவர். சும்மா இழுத்துக் கட்டின வட்டத் தோலைத் தட்டினா, அடிப்படை அதிர்வெண்ணுக்கு அடுத்தது 1.59 மடங்குல வரும். முழு எண் இல்லை, அதனால சுருதி சேராது. மிருதங்கத்தோட வலந்தலையில இருக்கிற கறுப்பு வட்டம், எடையை மாத்தி அதை 2, 3, 4, 5 மடங்குக்குப் பக்கத்துல கொண்டுவந்துடும். வாத்தியம் செய்யறவங்க கையாலயே போட்ட கணக்கு! இதை போர்டுல எழுதி, உடனே ஒரு மிருதங்கத்தையும் தட்டிக் காட்டினா எந்த மெக்கானிக்கல் பையன் தூங்குவான்?

இன்னொரு திருச்சிக்காரர், மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன். 1971-ல் டொரான்டோவுல இருக்கிற யார்க் யுனிவர்சிட்டிக்குப் போய், தாளம்னா என்னன்னே தெரியாத மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். சொற்கட்டுக்கு வாத்தியமே வேணாம், வாயும் கையும் போதும். எட்டு எண்ணிக்கை தாளத்துக்கு மேல ‘தகிட’வை எட்டு தடவை சொல்லிப் பாருங்க. மூணாவது சுற்று முடியும்போது, 24-ல், ரெண்டும் கரெக்டா வந்து சேரும். அட, நம்ம எல்.சி.எம்.!

நல்ல வாத்தியார்கிட்ட நான் எதிர்பார்க்கறது இன்னும் ஒண்ணு இருக்கு. எங்க கிளாஸ்ல கடைசி பெஞ்ச் நண்பனோட அப்பா, தவில் வாசிக்கிறவர். செமஸ்டர் முடியற வரைக்கும் அது யாருக்கும் தெரியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கும்போதுதான் சொன்னான். ‘ஏன்டா கிளாஸ்ல சொல்லலை?’ன்னு கேட்டா, ‘நமக்கெல்லாம் மியூசிக் தெரியாதுடா’ங்கறான். தவில் சத்தத்துல வளர்ந்தவன்! சிலபஸ் அவனுக்குக் கத்துக்கொடுத்தது அதுதான்.

அதனால சார், மேடம்... ராகப் பட்டியல் எங்கேயும் ஓடிடாது. முதல் நாள், ‘உங்க வீட்டுல என்ன பாட்டு கேட்கும்? யார் என்ன வாசிப்பாங்க?’ன்னு கேளுங்க. மார்கழி வந்தா, பகல்பத்துல ஒரு நாள் ஸ்ரீரங்கம் அரையர் சேவைக்குக் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் ‘என்ன ராகம்?’னு கேட்காம, ‘என்ன கேட்டுச்சு?’ன்னு கேளுங்க.

பரீட்சையும் அப்படியே வெச்சா, அரியர் பயமே இல்லாம எழுதுவோம்!